விழத் தெரிந்தவர்

"அன்னார் பின்னர்" என்று எழுதிய இடத்தில் ரீபாவின் பேனா நின்றுபோனது. பிறப்பு எழுதியாயிற்று. ஞானஸ்நானம் எழுதியாயிற்று. திடப்படுத்தல் பெற்ற வருடத்தை அம்மாவிடம் இரண்டு முறை கேட்டு எழுதியாயிற்று. அடுத்து வரவேண்டியது தொழில். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளைப் பார்த்தபடி அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

முன்னறையில் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். சுவிசேஷமுத்து ஆறடி இரண்டு அங்குலம், ஐஸ் பெட்டி ஆறடி. முழங்காலை லேசாக மடக்கித்தான் வைத்திருந்தார்கள். சவப்பெட்டிக் கடையிலிருந்து நேற்றே ஆள் வந்து அளந்துவிட்டு, "இந்த அளவு கடையில இல்ல, புதுசா அடிச்சுத்தான் கொண்டாரணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடக்கம் நான்கு மணிக்கு. ரீபாவின் கணவர் கல்லறைத் தோட்டத்தில் குழி வேலையைப் பார்க்கப் போயிருந்தார். அவரும் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது, குழியின் நீளத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

அவர்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிக்க வேண்டும். வீட்டார் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், குருவானவர் வாசிப்பார். பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து இறந்தால் வேலை சுலபம். பணியாற்றிய பள்ளிக்கூடங்களை வரிசையாகச் சொன்னாலே பக்கம் நிரம்பிவிடும். சுவிசேஷமுத்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் பணியாற்றவில்லை. அவர் பதினோரு வருடம் குஸ்தி போட்டார். ஜீப்பில் மைக் கட்டி, பாளை சாம்சன் வருகிறார் என்று தெருத்தெருவாகக் கூவினார்கள். பிறகு இருபத்துநான்கு வருடம் சினிமாவில் அடி வாங்கினார். கதாநாயகன் ஒரு குத்து விட்டால் மாடியிலிருந்து விழுவார், மாட்டு வண்டிக்கு மேல் விழுவார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார். நூற்று எண்பது படமாவது இருக்கும். அத்தனையிலும் அவர் பேசிய வசனத்தை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

காலையில் ஜெபம் பண்ண வந்த குருவானவர் ஹெப்ரான் நல்ல மனிதர்தான். போகும்போது ரீபாவை வாசலுக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சினிமா, குஸ்தின்னு நான் பீடத்துல நின்னு வாசிச்சா சபையில நாலு பேரு சிரிப்பாங்க. ஒருத்தரு பேராயருக்கு மனு எழுதுவாரு. அதுக்காவ எழுதாதீங்கன்னு சொல்லல. உங்க வீட்டு விருப்பம். நீங்க என்ன எழுதித் தாரீங்களோ அத வாசிக்கேன்."

அம்மாவின் விருப்பம் என்ன என்பதில் சந்தேகமே இல்லை. சாலோமி நாற்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் கணவர் நடித்த ஒரு படத்தையும் பார்த்தவள் அல்ல.

"தனியார் கம்பெனியில வேல பாத்தாவன்னு போடு. உன் கல்யாண ஓலையிலயும் அப்டித்தான போட்டோம்" என்றாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பின்வாசல் குழாயடியில் அவர் மயங்கி விழுந்தார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜெமிமா ஓடி வந்தபோதே உயிர் இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். எழுபத்தாறு வயது ஆள் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறார், உடம்பில் விழுந்த அடி என்று ஒரு சிராய்ப்புகூட இல்லையே என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது அதற்குள் வந்து சேர்ந்திருந்த ரீபாவின் காதில் விழுந்தது.

தனியார் கம்பெனி என்று எழுத ரீபாவுக்குப் புதிதாகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் அவளும் அதைத்தான் எழுதியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டார்கள். அதில் அப்பா ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, பிறகு கதாநாயகனிடம் செருப்படி வாங்கி, சாக்கடையில் விழுந்தார். மறுநாள் வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அந்த வாரம் ஆண்டு விழா. சென்னையிலிருந்து அதற்கென்றே வந்திருந்தார் அப்பா. "நீங்க வரவேண்டாம்ப்பா" என்று அவள் சொன்னாள். "சரி பிள்ள" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. விழா முடிகிற மட்டும் பள்ளிக்கு எதிரேயிருந்த பேருந்து நிறுத்தச் சுவரோரம் நின்றார். வெளியே வந்த ரீபா அவரைப் பார்த்தாள், பார்க்காத மாதிரித் தோழிகளோடு நடந்து போனாள். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கோபித்திருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருடமாக அது கேட்கப்படாமலே கிடந்தது.

இப்போதும் அதையே எழுதிவிட்டால் அந்தச் சுவரோரம் அவரை நிரந்தரமாக நிறுத்திவிட்ட மாதிரி ஆகும். அம்மாவை மீறி எழுதவும் அவளுக்குத் தைரியமில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

பதினொரு மணி சுமாருக்கு ஜெமிமா சமையலறைக்கு வந்து, "எதுத்தாப்புல வேப்பமரத்துக்குக் கீழ ஒரு ஆளு அரை மணி நேரமா நிக்காரு ரீபா. வரவும் மாட்டேங்காரு, போவவும் மாட்டேங்காரு" என்றாள்.

ரீபா வெளியே போனாள். எழுபத்தைந்து வயதிருக்கும். பெரிய உடம்பு, கூன் விழுந்திருந்தது. இரண்டு காதுகளும் அப்பாவுடையதைப் போலவே நசுங்கித் தடித்திருந்தன. அதைப் பார்த்ததுமே எந்த வகையில் தெரிந்தவர் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பாவைப் பாக்கவா வந்தீங்க?"

"ஆமா தாயி. வள்ளியூர்லேருந்து வாரேன். பேப்பர்ல போட்டோவப் பாத்தேன்."

"உள்ள வாங்க. ஏன் இங்கனயே நிக்கீங்க?"

"பழக்கம்" என்றார் அவர். "நான் உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுல்லா. எம்பேரு பெருமாள்ராஜ். கறுப்பு முகமூடின்னு சொன்னாத் தெரியும்."

வீட்டில் சாத்தானுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுகிற பெயர் அது. ரீபா அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, தென்காசியில் நடந்த குஸ்தியில் அப்பாவின் காறை எலும்பை உடைத்து, அத்தோடு குஸ்தியிலிருந்தே அவரை வெளியேற்றிய ஆள். மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்றதை அம்மா சொல்லாத வருடமில்லை. அந்த ஆள் இவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்று ரீபா நினைத்ததே இல்லை.

"வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. தொழில் சட்டம். நானும் உங்கப்பாவும் ஒரே வேன்லதான் ஊரு ஊராப் போவோம். ஒரே ஏனத்துல சாப்புடுவோம். ஊரு எல்லை வந்ததும் நான் எறங்கி நடந்து வருவேன், அவரு வேன்ல போவாரு. ஒரு டீக்கடையில சேந்து நிக்கப்பிடாது. எதிரின்னு நம்பித்தான சனங்க டிக்கெட் எடுத்தாவ. உங்கம்மா கல்யாணத்தன்னைக்கும் நான் வந்தேன். கோயிலுக்கு எதுத்தாப்புல இப்டித்தான் நின்னேன். உங்கப்பா மாலையச் சரிபண்ணுத மாதிரி ஒரு கும்பிடு போட்டாரு. எனக்கு அது போதும்."

ரீபாவுக்குப் பேருந்து நிறுத்தச் சுவர் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கம் நிற்பது அப்பாவுக்கு அவமானமாக இருந்திருக்காது போல. வேண்டியவர்கள் நிற்கிற இடம் அதுதான் என்று அவருக்கு அவருடைய தொழில் கற்றுக்கொடுத்திருந்தது. அப்படி நினைத்ததும் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. வந்தவர் முன்னாலேயே நின்று அழுதாள். பெருமாள்ராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே யாரு டிக்கெட் எடுக்கப் போறாவ" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வாங்க மாமா."

முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் வழிவிட்டார்கள். "ம்மா, இவிய வள்ளியூரு பெருமாள்ராஜ், கறுப்பு முகமூடி" என்று ரீபா சொன்னதும் சாலோமியின் முகம் இறுகியது. முகமூடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, முகத்தை அவள் பார்த்ததில்லை.

"எலும்ப ஒடைச்சது காணாதுன்னு பொணத்தையும் பாக்க வந்துட்டாரா?"

பெருமாள்ராஜ் கண்ணாடிப் பெட்டியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நெடுநேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு மடங்கியிருந்த முழங்கால்களைப் பார்த்தார்.

"கால நீட்டி வைக்கலையா?" என்று கேட்டார்.

"பெட்டி வந்துட்டு இருக்கு மாமா. மூணு மணிக்குள்ள நீட்டிரலாம்" என்றாள் ரீபா.

அவர் சாலோமியின் பக்கம் திரும்பி, தரையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தார்.

"மதினி, ஒடைஞ்சது என்னாலதான். இல்லைங்கல. எப்டி ஒடைஞ்சுதுன்னு அவரு உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாரு."

சாலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரு ஜெயிக்கதுன்னு நாங்க முன்னயே பேசிக்கிடுவோம். அது வித்தையே இல்ல. விழுததுதான் வித்தை. அடிக்கவன் சும்மா கைய வீசுனாப் போதும், விழுதவன்தான் ரெண்டு பேரையும் காப்பாத்தணும். அன்னைக்குத் தென்காசியில சாரல். விரிச்சிருந்த தார்ப்பா நனைஞ்சு கெடக்கு. நான் இவரைத் தலைக்கு மேல தூக்கிப் பைய, மெதுவாக் கீழ போடணும். தூக்கி நிக்கேன், காலு வழுக்கிட்டு. மல்லாக்கப் போறேன். அவ்வளவு ஒடம்பும் எங்கழுத்துல விழப்போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இவரு அந்தரத்துல இருந்தே ஒடம்பத் திருப்பிட்டாரு மதினி. ஒரு கைய என் கழுத்துக்குப் பின்னால, பொடதிக்குக் குடுத்து, என்னைய இழுத்துத் தனக்கு மேல போட்டுக்கிட்டாரு. இவரு தோளுதான் பலகையில அடிச்சுது. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. பொறவும் எந்திச்சு நின்னு, சனங்களுக்காவ என்னைய ஒரு அடி அடிச்சாரு. அந்த அடி எம்மேல படவே இல்ல."



"இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று சாலோமி கேட்டாள். கேள்வி பெருமாள்ராஜைப் பார்த்துக் கேட்டதா, பெட்டியைப் பார்த்துக் கேட்டதா என்று தெரியவில்லை.

"பொண்டாட்டிகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு எங்களுக்குள்ள சத்தியம். பொறவு தொழிலே போயிட்டு, அப்பம் சொல்லிருக்கலாம். நான் வழுக்குனவன்னு எனக்குப் பேரு வந்துரக்கூடாதுன்னு விட்டுட்டாரு. நானும் நாப்பத்து மூணு வருசமாச் சொல்லல. அத நெனச்சு ஒறங்காத நாளு நெறைய உண்டு."

சாலோமி கண்ணாடி மேலிருந்த கையை எடுத்தாள். எடுத்த கை தானாக அவளுடைய பிடரிக்குப் போனது. பிறகு, "ஜெமிமா, இவியளுக்குக் காப்பி குடு. பஸ்ல வந்தவிய, ஒண்ணும் சாப்புட்டுருக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு எழுந்து, ரீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

கதவைச் சாத்தியதும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உங்கப்பா மயங்கி விழல."

ரீபா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் வழுக்குனேன். குழாயடியில பாசி. தேய்க்கணும் தேய்க்கணும்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டு இருந்தாவ, நாந்தான் நாளைக்குப் பாப்போம்னேன். கொடத்த எடுக்கக் குனிஞ்சேன், காலு போயிட்டு. எங்கன இருந்து வந்தாவன்னு தெரியல. எம்பொடதியில கை இருக்கு. நான் அவிய மேல கெடக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல. பாரு." இரண்டு முழங்கைகளையும் திருப்பிக் காட்டினாள். எழுபது வயதுத் தோலில் ஒரு கீறல் இல்லை. "எந்திரிங்கன்னேன். சிரிக்க மாதிரி இருந்துச்சு. பொறவு எந்திக்கல. டாக்டர் வந்து நெஞ்சுவலின்னாரு. நான் வாயத் தொறக்கல. நாந்தான கொன்னேன் அவியள. அத எப்டிட்டி சொல்லுவேன்."

ரீபா அம்மாவின் முழங்கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று பயமாக இருந்தது. தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னாள்.

"டாக்டர் ஒடம்பெல்லாம் பாத்தாரும்மா. விழுந்த அடின்னு ஒண்ணுமே இல்லன்னுதான் சொன்னாரு. அப்பாவுக்கு விழுந்ததால ஒண்ணும் ஆயிருக்காது. அவிய சரியாத்தான் விழுந்துருக்காவ."

சாலோமி அழுதாள். நேற்றிலிருந்து வந்தவர்களோடெல்லாம் சேர்ந்து அழுத அழுகை வேறு. இது சத்தமில்லாமல் வந்தது, வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்தத் தாளை எடுத்துட்டு வா" என்றாள்.

ரீபா எடுத்து வந்தாள். "என்னன்னு எழுத?"

"என்ன வேல பாத்தாவளோ அத எழுது. கம்பெனின்னு எழுதாத." சற்று யோசித்துவிட்டு, "எங்கூட விழுந்தத எழுதாண்டாம். அது எனக்கு" என்றாள்.

ரீபா மடியில் வைத்தே எழுதினாள். ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. பெருமாள்ராஜும் ரீபாவின் கணவரும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். ஐஸ் பெட்டியில் ஒரு நாள் முழுக்க மடங்கியிருந்த கால்களைப் பெருமாள்ராஜ் முழங்காலில் கைவைத்து, அவசரப்படாமல் அழுத்தி நீட்டினார். புதுப் பலகை வாசனை அடித்தது. பாதத்துக்கு அப்பால் நான்கு விரற்கடை இடம் மிச்சமிருந்தது.

ஆலய வாசலில் ஊர்வலம் நின்றபோது பெருமாள்ராஜைக் காணவில்லை. ரீபா திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு எதிர்ப்பக்கம், ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவள் அம்மாவிடம் சொல்வதற்குள் சாலோமியே பார்த்துவிட்டாள். பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவள், அதை உள்ளே போகவிட்டு, தான் மட்டும் சாலையைக் கடந்தாள். அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து வந்தார்கள். வீட்டாருக்கென்று விட்டிருந்த முதல் வரிசையில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஹெப்ரான் ஐயா தாளை விரித்து வாசித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல். அடுத்த வரிக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னார் பின்னர் பாளை சாம்சன் என்ற பெயரில் பதினோரு ஆண்டுகள் குஸ்தி வீரராகவும், இருபத்துநான்கு ஆண்டுகள் திரைப்படச் சண்டை நடிகராகவும் உழைத்தார். தம்மோடு மோதிய ஒருவருக்கும் காயம் வராமல் தாம் விழுந்தார்."

யாரும் சிரிக்கவில்லை. மனு எழுதக்கூடியவர் மூன்றாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தார். பெருமாள்ராஜ் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்த குருவானவர் தாளை மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. பெட்டிக்கு அடியில் இரண்டு வடக்கயிறுகளைக் கொடுத்து, பக்கத்துக்கு இரண்டு பேராகப் பிடித்தார்கள். தலைமாட்டுப் பக்கம் கயிற்றைப் பிடிக்கப் பெருமாள்ராஜ் வந்தார். "பெரியவரு நீங்க தள்ளி நில்லுங்க, கனமான பெட்டி" என்று ஒருவர் சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை அகட்டி, ஈர மண்ணில் குதிகாலை அழுத்திப் பார்த்துக்கொண்டார். வழுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையசைத்தார்.

"பைய" என்றார். "பைய. ஒரே சீரா விடுங்க."

கயிறு விரல்விரலாக நழுவியது. சாலோமி குழிக்கு அருகில் நின்றாள். அவள் கை பிடரியில் இருந்தது. பெட்டி அடியில் போய் இடிக்கிற சத்தத்துக்காக ரீபா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கயிறு தளர்ந்த பிறகுதான், பெட்டி தரையைத் தொட்டுவிட்டது தெரிந்தது.